எழுபத்திரண்டாவது கோல்

எமில்டா அக்காவும் நானும் ஒரே சமையலறையில் பதினொரு வருடம் வேலை செய்தோம். வால்தம்ஸ்டோவில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பிராக்கன்ஹில் ஹை ஸ்கூலின் சமையலறை அது. அறுநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. அவர் 1986 தையில் சேர்ந்தார், நான் அதே வருடம் புரட்டாதியில். முதல் நாள் நான் உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பார்த்து மலைத்து நிற்க, "பயப்பிடாதையும் சுலோச்சனா, தோலை மெஷின் உரிக்கும். நாங்கள் கிழங்கின்ரை கண்ணை மட்டும் தோண்டினால் போதும்" என்றார்.

அவர் குருநகர்க்காரி. கூடப்பிறந்த மூன்று அண்ணன்மாரும் உதைபந்தாட்டக்காரர்கள். லண்டனுக்கு வருமுன் ஒன்பது வருடம் யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். எத்தனை ஏக்கர் வெங்காயம், எத்தனை வள்ளம், எத்தனை கறவை மாடு என்று கிராமம் கிராமமாக வரும் படிவங்களைச் சரிபார்ப்பது வேலை. "மாட்டுக் கணக்கு எனக்குப் பிழைக்காது. என்ரை வயசுதான் சில நேரம் பிழைக்கும்" என்று சிரிப்பார். கணவர் கஸ்பருக்கு தபால் தரம் பிரிக்கும் நிலையத்தில் வேலை. பிள்ளைகள் இல்லை.

எங்கள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேரே ஒரு பெரிய ஜன்னல். அதற்கு அப்பால் பள்ளிக்கூட மைதானம். சனிக்கிழமை காலைகளில் வேறு பள்ளிக்கூடங்கள் விளையாட வரும்போது, தேநீரும் சாண்ட்விச்சும் ஆரஞ்சுத் தோடம்பழத் துண்டும் கொடுக்க ஒருவர் வேண்டும். எமில்டா அக்கா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேலதிகச் சம்பளத்துக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

1988 ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. ஸ்பொஞ் கேக்கும் கஸ்டர்டும் போட்ட நாள். சாப்பாட்டு வரிசையில் இரண்டு பையன்கள் தட்டோடு நின்று சண்டை. சனிக்கிழமை அடித்த மூன்றாவது கோல் யாருடையது என்று வாக்குவாதம். ஒருவன் மற்றவனை நெஞ்சில் தள்ளினான். தட்டு சரிந்தது.

எமில்டா அக்கா கஸ்டர்ட் அகப்பையை நிறுத்தாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "மூன்றாவது உன்னுடையது இல்லை. அது முப்பத்தோராவது நிமிடம், இடது கால், ஏழாம் நம்பர். நீ அடித்தது நான்காவது. தலையால் அடித்தாய். பந்தைத் தூக்கித் தந்தவன் இவன்தான்."

இருவரும் வாயைப் பிளந்தார்கள். பின்னால் வரிசை அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பந்தும் தெரியாது, கோலும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு பையன்களும் அன்று ஒருவருக்கொருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைக் கண்டேன்.

அடுத்த திங்களில் இருந்து அவருடைய பக்கத்து வரிசை நீண்டுவிட்டது. செய்தி உடற்பயிற்சி ஆசிரியர் ஹார்க்னெஸ் காதுக்கும் போனது. உயரமான ஸ்கொட்லாந்துக்காரர், நல்ல மனிதர், ஒழுங்குதான் குறைவு. ஆசிரியர்களின் பணிமறுப்பு நடந்த காலத்தில் பள்ளிக்கூட ஆட்டங்கள் பாதி நின்றுபோயின. அதற்குப் பிறகு அங்கே பதிவு வைக்க எவரும் இருக்கவில்லை. தாழ்வாரத்தில் தொங்கிய முடிவுப் பலகையில் கடைசியாக இருந்தது 1984ஆம் வருட ஆட்டம். ஹார்க்னெஸ் துணியட்டை போட்ட ஒரு பெரிய பதிவேட்டைக் கொண்டுவந்து கஸ்டர்ட் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மிஸஸ் கஸ்பர், இதை நீங்கள் எழுதுவீர்களா?"

"வெளியிடத்து ஆட்டங்களுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்களா?"

"மினிபஸ்ஸில் இடம் இருக்கிறது."

"அப்படியென்றால் எழுதுகிறேன்."

எழுதினார். நிமிடம், அடித்தவரின் நம்பர், எந்தக் கால் அல்லது தலை, பந்து கொடுத்தவர், காற்று எந்தப் பக்கம், நிலம் சேறா காய்ந்ததா. தன் கண்ணால் காணாதது எதுவானாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி. கூட்டுத்தொகை மட்டும் போட மாட்டார். எல்லாப் படிவமும் வந்து சேருமுன் கூட்டக்கூடாது என்பது கச்சேரிப் பழக்கம். சீசன் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து, கஸ்பர் அண்ணை ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க, மேசையில் பரப்பி வைத்துக் கூட்டுவார்.

இப்படி மூன்று வருடம் போனது. பிறகுதான் டேரில் பாஸ்கோமின் வருடம் வந்தது.

டேரிலுக்குப் பதினாறு வயது. அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிகிறது. ஒல்லியான உடம்பு, இரண்டாம் தரம் ஸ்பொஞ் கேட்காத நாள் இல்லை. தாய் லெய்ட்டன் கராஜில் பஸ் கண்டக்டர். 1991 புரட்டாதியில் சீசன் தொடங்கியதும் அவன் கோல் அடிக்கத் தொடங்கினான். மூன்று, இரண்டு, நான்கு, ஒன்று, ஐந்து. மாசியில் ஐம்பதைத் தாண்டிவிட்டான் என்றார்கள். எங்கள் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்த லீக்கின் செயலாளர் ஆல்ட்ரிட்ஜ் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரே சீசனில் அதிக கோல் எழுபத்திரண்டு, 1957-58இல் ரொனால்ட் ஃபிஞ்ச் என்ற பையன் அடித்தது, முப்பத்துநான்கு வருடமாக எவரும் கிட்டப் போகவில்லை என்று அவர் சொன்னார். அதன்பிறகு பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. என்னைப்போல் பந்து தெரியாதவர்களும் திங்கட்கிழமைகளில் "டேரில் எத்தனை?" என்று கேட்கப் பழகினோம்.

சித்திரை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் டேரிலின் படம் வந்தது. எழுபத்திரண்டு அடித்துப் பழைய சாதனையைச் சமன் செய்துவிட்டான், வருகிற சனி கழித்து அடுத்த சனி கடைசி ஆட்டம், அதில் ஒன்று அடித்தால் புதுச் சாதனை என்று போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை எமில்டா அக்கா வந்தபோது முகம் சரியில்லை. கரட் வெட்டும்போது மெல்லச் சொன்னார்.

"சுலோ, முதல் தரமா சீசன் முடிய முன்னம் கூட்டிப் பாத்தனான். எழுபத்தொண்டுதான் வருது."

"பிழைச்சிருக்கும் அக்கா. திருப்பிக் கூட்டிப் பாருங்கோ."

"நாலு தரம் கூட்டிட்டன்."

வித்தியாசம் எங்கே என்பதையும் அவர் கண்டுபிடித்திருந்தார். கார்த்திகை பதினாறாம் திகதி ஆட்டம். மழை, சேறு. எங்கள் பையன் ஒருவனுக்குக் கை முறிந்து, ஹார்க்னெஸ் தகப்பனுக்குத் தொலைபேசியில் சொல்ல உள்ளே ஓடிவிட்டார். அந்த நேரம் விழுந்த ஒரு கோலை, பிறகு பையன்களிடம் கேட்டு, டேரில் பெயரில் லீக்குக்கு ஆட்ட முடிவு அட்டை எழுதி அனுப்பிவிட்டார். எமில்டா அக்கா கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர். டேரில் அடித்த பந்து வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்து ஐந்தாம் நம்பரின் முழங்காலில் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. அது அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட கோல்.

"அக்கா, ஒரு கோலாலை ஆருக்கு என்ன குடி முழுகப் போகுது? பேசாமல் விடுங்கோ."

"அந்த ஃபிஞ்ச் எண்ட மனுசன் எங்கையோ இருப்பான்தானே சுலோ" என்றார்.

மறுநாள் ஹார்க்னெஸிடம் பதிவேட்டோடு போனார். ஹார்க்னெஸ் பக்கத்தைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். நான் தேநீர்த் தட்டோடு அங்கே நின்றேன்.

"நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டத்துக்கு நான்கு நாள்தான். இப்போது சொல்லிப் பையனைக் குழப்ப வேண்டாம். சனிக்கிழமை அவன் இரண்டு போட்டால் பிரச்சினையே இல்லை. அவன் எப்போதும் இரண்டு போடுகிறவன்."

எமில்டா அக்கா யோசித்தார். பிறகு தலையசைத்தார். அப்படித் தலையசைத்ததற்காக அவர் பல வருடம் தன்னைக் குறை சொல்லிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன்.

வைகாசி இரண்டாம் திகதி. நல்ல வெயில். சாண்ட்விச் செய்ய ஆள் போதாது என்று நானும் போயிருந்தேன். இருநூறு முந்நூறு பேர். பத்திரிகைப் புகைப்படக்காரர் கோல் கம்பத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்துமூன்றாவது நிமிடம் டேரில் மூன்று பேரைக் கடந்து போய் வலது மூலையில் அடித்தான். மைதானமே கத்தியது. பையன்கள் அவனை நிலத்தில் தள்ளி மேலே விழுந்தார்கள். தாய் சீருடையோடு வந்திருந்தார், தொப்பியைக் கழற்றி ஆட்டினார். எமில்டா அக்கா எழுதினார்.

"எழுபத்திரண்டு" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "இன்னும் ஒண்டு போடு ராசா."

இரண்டாம் பாதியில் அவனுக்குப் பந்து வரவேயில்லை. அறுபத்தோராவது நிமிடம் எங்களுக்கு ஒரு பெனல்டி கிடைத்தது. பெனல்டி எப்போதும் டேரில்தான் அடிப்பான். பந்தை எடுத்து வைத்துவிட்டு அவன் திரும்பிப் பார்த்தான். பின்வரிசையில் நைஜல் என்று ஒரு பையன். கொழுத்த, அமைதியான பிள்ளை. ஐந்து வருடம் விளையாடி ஒரு கோலும் அடிக்காதவன், அவனுக்கும் அது கடைசி ஆட்டம். டேரில் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டான். பந்தைத் தூக்கி அவன் கையில் கொடுத்தான்.

எமில்டா அக்கா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"சுலோ, அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாது, பார்." கோட்டைத் தாண்டி இரண்டு அடி உள்ளே போய்விட்டார். நடுவர் விசில் ஊதிவிட்டார்.

நைஜல் அடித்தான், கோல். அன்று எல்லாவற்றிலும் பெரிய சத்தம் அதற்குத்தான். டேரில்தான் முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கினான். எமில்டா அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு எழுதினார்: 61, நம்பர் 3, வலது கால், பெனல்டி.

ஆட்டம் முடிந்ததும் புகைப்படக்காரர் 73 என்று எழுதிய மட்டையை டேரில் கையில் கொடுக்க வந்தார். ஹார்க்னெஸ் அவரைத் தடுத்து நிறுத்தினார். அந்த மனிதருக்கு அவ்வளவு நேர்மையாவது இருந்தது. உடை மாற்றும் அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில், டேரிலைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"யார் சொன்னது?" என்றான் டேரில்.

"நான்தான்" என்றார் எமில்டா அக்கா. பக்கத்தைத் திறந்து நீட்டினார். அவன் பார்க்கவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலால் வெளியே போய்விட்டான்.

அந்தத் திங்கட்கிழமை எமில்டா அக்காவின் பக்கத்தில் ஒரு பிள்ளையும் கஸ்டர்ட் வாங்கவில்லை. எல்லோரும் என் வரிசையில் நின்றார்கள். அவர் அகப்பையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றார். அறுநூறு பிள்ளைகள். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. வீட்டில் கஸ்பர் அண்ணையும் ஏசியிருக்கிறார்.

"உமக்கென்ன, விசரே? ஒரு கோல்தானே. பெடியனுக்குக் குடுத்திட்டு விடும்" என்றாராம்.

"அது என்ரையே குடுக்கிறதுக்கு?" என்று கேட்டாராம் அக்கா.

புதன்கிழமை இரண்டு மணிக்கு, நாங்கள் தட்டு கழுவிக்கொண்டிருக்கும்போது, பின்கதவில் தட்டும் சத்தம். டேரிலின் தாய். பஸ் சீருடை, தோளில் டிக்கட் மெஷின் பை. பின்னால் டேரில், நிலத்தைப் பார்த்தபடி.

"மிஸஸ் கஸ்பர் யார்?"

"நான்தான்." எமில்டா அக்கா கையைத் துடைத்தார்.

"அந்தப் புத்தகத்தை நான் பார்க்கலாமா?"

அக்கா பதிவேட்டை எடுத்து ஈரமில்லாத மேசையில் வைத்தார். மிஸஸ் பாஸ்கோம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டாதியில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நீண்ட நேரம். ஓரிடத்தில் விரலை வைத்தார். "'இடது கால், சறுக்கி விழுந்தபடி.' இந்த ஆட்டத்துக்கு என்னால் வரமுடியவில்லை. அன்று எனக்கு ஷிப்ட்." இன்னொரு பக்கம். "இதற்கும் வரவில்லை." பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பத்தொரு ஆட்டத்தில் நான் பார்த்தது ஒன்பது. நீங்கள் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறீர்கள். என் மகனை இவ்வளவு கவனமாக வேறு யாரும் பார்த்ததில்லை." திரும்பினார். "டேரில், கார்த்திகை ஆட்டத்தைப் பற்றி வீட்டில் என்னிடம் சொன்னதைச் சொல்லு."

டேரில் சப்பாத்து நுனியால் தரையைத் தேய்த்தான்.

"முழங்காலில்தான் பட்டது" என்றான். "அந்தப் பையன் தன்னையே திட்டிக்கொண்டான். எனக்குக் கேட்டது. சேர் வந்து யார் அடித்தது என்று கேட்க, பெடியன்கள் என் பெயரைச் சொன்னார்கள். நான் சும்மா இருந்துவிட்டேன்."

எமில்டா அக்கா அவனுக்குப் பக்கத்தில் போனார். "நானும் ஒரு பிழை செய்தேன். சனிக்கிழமைக்கு முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அந்தப் பெனல்டியை நீ அடித்திருப்பாய்."

அவன் யோசித்தான். "ஓம், அடித்திருப்பேன்" என்று உண்மையைச் சொன்னான். பிறகு, "நைஜல் அழுதுவிட்டான், தெரியுமா? ஆட்டம் முடியும்வரைக்கும் அழுதான்" என்று சொல்லிச் சிரித்தான். அன்று மிஞ்சிய ஸ்பொஞ் இரண்டு துண்டை நான் அவனுக்குக் கொடுத்தேன்.

மிஸஸ் பாஸ்கோம் அந்தச் சீசனின் பக்கங்களைப் பிரதி எடுத்துத் தரும்படி கேட்டார். அலுவலகப் பெண் எடுத்துக் கொடுத்தாள்.

எழுபத்திரண்டு என்று லீக் பதிந்தது, இரண்டு பெயரும் சேர்த்து. ஆனி மாதப் பரிசளிப்பு விழாவுக்கு ரொனால்ட் ஃபிஞ்சையே அழைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி போடும் தொழில், கை முழுக்கக் கீறல் தழும்பு. டேரிலின் கையைப் பிடித்து, "முப்பத்துநான்கு வருடம் தனியாக நின்றுவிட்டேன். துணைக்கு ஆள் வந்தது நல்லது" என்றார். பிறகு ஆல்ட்ரிட்ஜ் எமில்டா அக்காவைத் தேடி வந்தார். லீக் தொடங்கிய 1946இல் இருந்து எல்லா ஆட்டத்து அட்டைகளும் தன் வீட்டு கராஜில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன, ஐம்பதாம் வருடத்துக்கு ஒரு புத்தகம் போட விருப்பம், நீங்கள் பார்ப்பீர்களா என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். கலியாண வீட்டில் பிள்ளைகளுக்கு வருமே ஒரு முகம், அந்த முகம்.

நான்கு வருடம் அந்த வேலை நடந்தது. பள்ளி விடுமுறைகளில் கஸ்பர் அண்ணை அவரைச் சிங்ஃபோர்டில் ஆல்ட்ரிட்ஜ் வீட்டுக்குக் காரில் கொண்டுபோய் விடுவார். முதலில் வெளியே காரிலேயே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாராம். ஒருநாள் உள்ளே வந்து பெட்டிகளைப் பார்த்து, "உப்பிடியே கலைச்சுப் போட்டுத் தேடுறது? தள்ளும்" என்று சொல்லி, தபால் நிலையத்தில் செய்வதுபோலச் சுவரோரம் அட்டைப்பெட்டித் தட்டுகள் அடுக்கி, வருடம், மாதம், பள்ளிக்கூடம் என்று வீசத் தொடங்கிவிட்டார். ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட அட்டைகளை அண்ணை மூன்று கோடையில் தரம் பிரித்து முடித்தார். உதைபந்தாட்டம் என்றால் ரேடியோவில் கேட்பது மட்டும்தான் என்றிருந்த மனிதர், பிறகு 1951ஆம் ஆண்டு அரையிறுதியைப் பற்றி நேரில் பார்த்ததுபோலக் கதைப்பார்.

அட்டைகளுக்குள் இருந்து ஆட்கள் வந்தார்கள். 1963இல் தொடர்ந்து பதினொரு ஆட்டத்தில் ஒரு கோலும் விடாத கோல்காப்பாளன் ஒருவன். அவனுக்கே அது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தப் பெயரை அக்கா தேடிப் பார்த்தால், நாங்கள் சனிக்கிழமைகளில் கானாங்கெளுத்தி வாங்கும் ஹை ஸ்ட்ரீட் சந்தை மீன்காரன் அவன். நானும் கூடப் போனேன். அக்கா சொல்லச் சொல்ல அந்த மனிதன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"பதினொன்றா? நிச்சயமாகவா?"

"பன்னிரண்டாவது ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் ஒன்று விட்டீர்கள்."

"அது ஞாபகம் இருக்கிறது. முப்பது வருடமாக அந்த ஒன்றுதான் எனக்கு ஞாபகம்" என்றான். அன்று முழுவதும் வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

1995 கோடையில் அக்கா தொலைபேசி எடுத்தார். "சுலோ, வீட்டை வாரும்" என்றார். போனேன். மேசையில் ஒரே ஒரு அட்டை. 1958 பங்குனி, கோப்பைப் போட்டி ஒன்றின் மறு ஆட்டம். 1953 பெட்டிக்குள் தவறிக் கிடந்திருக்கிறது. ஃபிஞ்ச், ஒரு கோல்.

"எழுபத்துமூண்டு" என்றார் அக்கா. "அந்த மனுசன் அடிச்சது எழுபத்துமூண்டு."

கஸ்பர் அண்ணை கதிரையில் சாய்ந்து, "இனி அந்தப் பெடியனுக்கு ஆர் சொல்லுறது? நான் மாட்டன்" என்றார்.

முதலில் ஃபிஞ்சுக்குத் தொலைபேசி. அவர், "அதைக் கிழித்துப் போடுங்கள். பையனோடு சேர்ந்து இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். "எனக்குத் தெரியுமே, மிஸ்டர் ஃபிஞ்ச்" என்றார் அக்கா. அந்தப் பக்கம் பெருமூச்சும் பிறகு சிரிப்பும் கேட்டதாம்.

இந்த முறை அவர் நாள் கடத்தவில்லை. அன்று பின்னேரமே டேரில் வீட்டுக்குப் போனார், நானும் துணைக்கு. டேரில் அப்போது மின்சார வேலை பழகி, சொந்த வான் வைத்திருந்தான். ஞாயிறு ஆட்டங்களில் பூங்காவில் விளையாடுவான். வாசலில் வானைக் கழுவிக்கொண்டிருந்தவன் எங்களைக் கண்டதும் குழாயை நிறுத்தினான்.

"மிஸஸ் கஸ்பர், நீங்கள் புத்தகத்தோடு வந்தால் எனக்குப் பயம்" என்றான்.

சொன்னார். அட்டையின் பிரதியையும் காட்டினார். அவன் இந்த முறை வாங்கிப் பார்த்தான். ஈரக் கையால் கழுத்தைத் தடவினான். அவனுக்கு மனம் வலித்தது என்று தெரிந்தது.

"ஆக, நான் இரண்டாவது."

"ஓம். இரண்டாவது."

"நைஜலிடம் சொல்ல மாட்டேன், தன்னால்தான் என்று நினைப்பான்" என்றான். "வாற மாதம் அவனுக்குக் கலியாணம். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். அந்தப் பெனல்டியைப் பற்றித்தான் அங்கே பேசப்போகிறேன்." பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டுத் தந்தான். சீனி கூடிப்போன தேநீர்.

1996 ஐப்பசியில் லீக்கின் ஐம்பதாம் வருட விழா, நகர மண்டபத்தில் நடந்தது. தொண்ணூற்றாறு பக்கப் புத்தகம், உள்ளட்டையில் "தொகுத்தவர்: எமில்டா கஸ்பர்." நாங்கள் சமையலறைக்காரர்கள் ஐந்து பேரும் ஒரே மேசையில். அக்கா பச்சைக் காஞ்சிபுரம் சேலை, அண்ணை கோட். மூன்று மேசை தள்ளி டேரிலும் தாயும் இருந்தார்கள். மிஸஸ் பாஸ்கோம் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து நின்றார்.

"'தொடர்ச்சியாக அதிக ஆட்டங்களில் கோல் அடித்தவர்'" என்று உரத்து வாசித்தார். "'டி. பாஸ்கோம், பிராக்கன்ஹில், பத்தொன்பது ஆட்டங்கள், 1991-92.' அடுத்தவர் பதின்மூன்று!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. டேரில் புத்தகத்தைப் பறித்துப் பார்த்தான். பிறகு எங்கள் மேசைக்கு ஓடி வந்தான்.

"இது உண்மையா? அல்லது எனக்காகப் போட்டீர்களா?"

அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "உனக்காகப் போடுவதற்கு நான் யார்? கடைசி மாதம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியபோது வந்தது. அதுவரை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்."

"அந்தக் கார்த்திகை ஆட்டமும் இதற்குள் இருக்கிறதா?"

"இருக்கிறது. அதில் நீ மூன்று அடித்தாய். நான்கு இல்லை."

அவன் குனிந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டான். அக்கா வெட்கத்தில் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பக்கத்தில் கஸ்பர் அண்ணை, "பதின்மூண்டு ஆட்டத்திலை அடிச்சவன்ரை அட்டை எல்லாம் நான் பிரிச்சது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். மேடைக்குப் பக்கத்தில் ஃபிஞ்சும் மீன்காரனும் ஒரே புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள்.

அதன்பிறகு லீக் அவரை அதிகாரபூர்வப் புள்ளிவிபரக்காரர் ஆக்கியது. சமையலறை வேலையை அவர் விடவில்லை. "அது சோறு, இது கறி" என்றார். அடுத்த வருடம் எனக்கு ஸ்ட்ரெதமில் ஒரு முதியோர் இல்லத்தில் நல்ல வேலை கிடைத்து, வீடும் மாறினேன். போவதற்கு முந்திய சனிக்கிழமை அக்கா என்னை மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். லீக்கில் முதன்முதலாகப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடப் பெண்களுக்கு அதுதான் முதல் ஆட்டம்.

பூச்சியத்துக்குப் பதினொன்று தோற்றார்கள். அக்கா புதுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பதினொன்றையும் ஒவ்வொன்றாக எழுதினார், நிமிடம், கால், காற்று எல்லாம். நான் குடை பிடித்தேன். திரும்பி வரும்போது லீ பிரிட்ஜ் வீதியில் நல்ல நெரிசல், மினிபஸ் அசையவில்லை. அந்தப் பிள்ளைகள் தோற்றவர்கள் மாதிரியே இல்லை. முழங்கால் எல்லாம் சேறு, இருக்கையில் ஏறி நின்று பாடினார்கள். எமில்டா அக்கா மடியில் மிச்சத் தோடம்பழத் துண்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றை எனக்குத் தந்துவிட்டு, தானும் ஒன்றைச் சப்பியபடி அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.